கிரேன் என்றால் கொக்கா?

பிப்ரவரி 4, இரவு 9.40

நேற்று நான் போட்ட பலகைப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிரேன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதல் பொருளே பறவைதான். வெள்ளைக்காரன் பறவையின் பெயரைத்தானே எந்திரத்துக்கு வைத்தான்? அப்படியிருக்க நாம் கொக்கு என்று எழுதினால் மட்டும் ஏன் தப்பு? கடன் வாங்குவதைவிட அது மேல் இல்லையா?"

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் புதுப் பலகைகள் வந்து இறங்கின. மஞ்சள் தகடு, கறுப்பு எழுத்து, ஓரத்தில் சிவப்புக் கோடு, நாலு மூலையிலும் ஆணி ஓட்டை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. எழுத்து மட்டும் "கொக்கின் கீழ் நிற்க வேண்டாம்". ஆங்கில வாசகத்தை ஏதோ எந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். மாட்டி அரை மணி நேரம் ஆகவில்லை, சரக்கைக் கட்டி மாட்டுகிற கலாசிப் பையன் ஒருவன் அதன் அடியில் நின்று தலைக்கு மேல் கையை விரித்து, கொக்கு எச்சம் போடுகிறதா என்று பார்ப்பது போல நடித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் தலைக்கு மேலே ஊஞ்சலாடுவது கொக்கு இல்லை, இருபது டன்.

அகராதி அப்படிச் சொல்கிறது என்பது சரி. ஆனால் பலகையைப் படிக்கிறவன் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஒரு சொல் ஒரு மொழியில் பறவையிலிருந்து எந்திரத்துக்குப் போயிற்று என்பதற்காக, நம் மொழியிலும் அதே வழியில் நடந்து வந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழில் கொக்கு அந்த வேலைக்குப் போகவே இல்லை, குளத்திலேயே நின்றுவிட்டது.

பிப்ரவரி 4, இரவு 11.55

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. கொக்கு, கொக்கி இரண்டும் ஒரே வேராகத்தான் இருக்க வேண்டும், வளைந்த கழுத்தும் வளைந்த கம்பியும். அப்படிப் பார்த்தால் கேள்வி கேட்டவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது.

பிப்ரவரி 5, காலை 7.10

ராத்திரி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு சொல் காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது என்பதற்காக ஒரே வேர் என்று அடித்துச் சொல்வது தப்பு. அந்தப் பழக்கத்தால்தான் உலகத்துச் சொல்லெல்லாம் தமிழிலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒன்று வருகிறது. நானே அதைச் செய்யக் கூடாது.

அந்த ஆங்கிலச் சொல்லின் கதையைப் பார்ப்போம். பறவைதான் முந்தி. பழைய ஆங்கிலத்தில் கிரான், லத்தீனில் குரூஸ், கிரேக்கத்தில் கெரனோஸ், எல்லாம் ஒரே குடும்பம். பறவையின் கரகரத்த குரலை ஒட்டி எழுந்த வேர் என்று சொல்லறிஞர்கள் சொல்கிறார்கள். அதாவது பறவைக்குப் பெயர் தந்தது அதன் தொண்டை, எந்திரத்துக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது அதன் கழுத்து. கிரேக்கர்களே கெரனோஸ் என்ற சொல்லைப் பாரம் தூக்கும் பொறிக்கும் சொல்லியிருக்கிறார்கள். பிரெஞ்சில் குரூ என்றால் இரண்டும். போலிஷ் மொழியிலும் ஒரே சொல்தான். ஜெர்மன்காரர்கள் பறவையைக் கிரானிக் என்றும் பொறியைக் கிரான் என்றும் பிரித்துக்கொண்டார்கள், ஸ்பானியர்கள் குருல்யா, குரூவா என்று பிரித்துக்கொண்டார்கள். ஐரோப்பா முழுக்கக் கரையோரம் சரக்கு ஏற்றியவர்கள் எல்லாருக்கும் அந்தப் பொறியைப் பார்த்ததும் அதே பறவை நினைவுக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கடற்கரையில் வேறு ஏதோ நினைவுக்கு வந்திருக்கும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, இரவு 10.15

இன்று நைனாவிடம் கேட்டேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். 1983இல் கண்டெய்னர் முனையம் வருவதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டார். வார்ஃபிலே, அதாவது கப்பல் கட்டுகிற கரைமேடையிலே, ஓடுகிற சின்ன எலக்ட்ரிக் கிரேன்தான் அவருக்கு ரொம்ப நாள். உர மூட்டை, அரிசி மூட்டை, கருங்கல் பாளம் என்று எல்லாம் சிலிங் கயிற்றில் கட்டித் தூக்கிய காலம்.

"நைனா, இதைக் கொக்குன்னு யாராவது சொல்வீங்களா?"

"இன்னாமா கேக்குற? கிரேனுக்கு கிரேன்னுதான் பேரு."

"பாரந்தூக்கி?"

"அது சம்பளச் சீட்டுல கூட வராது."

அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "மேல இருந்து பாத்தா கழுத்து நமக்குத்தான் கொக்கு மாரி ஆயிடும்" என்றார். கையிலிருந்த டீ தம்ளரைத் தரையில் வைத்து, நாற்காலியின் நுனிக்கு வந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையை நீட்டி அந்தத் தம்ளரைப் பார்த்துக் காட்டினார். அப்படித்தான் கப்பலின் ஹாட்சுக்குள், சரக்கு இறக்குகிற வாய்க்குள், பார்ப்பார்களாம். கீழே இருட்டு, அதற்குள் ஆள் நிற்பான், டெக் ஓரத்தில் நிற்கிற சிக்னல்மேன் கை மட்டும் தெரியும். இரண்டு கையும் லீவரில், கால் பிரேக்கில், கழுத்து மட்டும் சும்மா இருக்கிற உறுப்பு என்பதால் அதை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஷிப்டு முழுக்க அப்படி. தம்ளரைப் பார்த்துவிட்டு நிமிரும்போது அவருக்கு வலித்தது. பிடரியைப் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற மறு வருஷமே கழுத்துத் தேய்மானம் என்று பட்டை போட்டுவிட்டார்கள், அந்தப் பட்டை இன்றைக்கும் பீரோ கைப்பிடியில் தொங்குகிறது.

ஆங்கிலத்தில் கிரேன் ஒரு வினைச்சொல்லும்கூட. கழுத்தை நீட்டிப் பார்ப்பது. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிறவன் செய்கிற வேலை. நாம் எட்டிப் பார்க்கிறோம், எக்கிப் பார்க்கிறோம். எக்கும்போது குதிகாலும் சேர்ந்து தூக்குகிறது, எட்டும்போது உடம்பே சாய்கிறது. அவர்களுடைய வினைச்சொல்லில் கழுத்து மட்டும்தான். பறவை, எந்திரம், வினை மூன்றும் ஒரே சொல்லில் இருப்பதை அகராதியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தம்ளர் மேல் குனிந்த அந்தப் பிடரியைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு, காலை 8.30

எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். இந்தப் பேச்சு ஓடுகிற நேரத்தில் கொக்கை நேரில் பார்க்காமல் எழுதுவது சரியில்லை என்று தோன்றியது.

ஆறு மணிக்கே போனேன். நீர் வற்றிய சேற்றில் ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு. அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், ரப்பர் செருப்பு போட்டது மாதிரி. அது சும்மா நிற்கவில்லை. ஒரு காலை முன்னால் வைத்து, அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்றுக்குள் கிடுகிடுவென்று நடுக்கியது. கலங்கிய தண்ணீரில் எதுவோ துள்ளியதும் கழுத்து போன வேகம் எனக்குத் தெரியவே இல்லை, விழுங்கியதுதான் தெரிந்தது. கொக்கு என்றாலே உறுமீன் வரும்வரை வாடி நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், இது மீனைக் கிளப்பி விட்டுப் பிடிக்கிறது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அது கிளம்பிப் பறந்தபோது கழுத்தை நீட்டவில்லை. நாலாக மடித்துத் தோளுக்குள் செருகிக்கொண்டு போயிற்று. கால் மட்டும் பின்னால் நீண்டிருந்தது. இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. பள்ளியில் கொக்கு வரைந்தபோதெல்லாம் பறக்கிற கொக்குக்கும் நீட்டின கழுத்துதான் போட்டேன்.

பிப்ரவரி 8, மாலை 5.00

காலையில் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் கிரேன் என்கிற பறவை நம் கொக்கே இல்லை! நம் கொக்கு அவர்களுக்கு ஈக்ரெட், ஹெரான். அவை பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொள்கிற இனம். கிரேன் என்பது வேறு குடும்பம், பறக்கும்போது கழுத்தை ஈட்டி மாதிரி நேராக நீட்டும். பெரும்பாலும் மரத்தில் உட்காராது, பின்விரல் சிறுத்து மேலே ஏறியிருப்பதால் கிளையைப் பிடிக்க முடியாது. வடநாட்டில் சாரஸ் என்பார்களே, உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை, ஆள் உயரம் நிற்கும், அதுதான் கிரேன். ராஜஸ்தானில் கீச்சன் என்ற ஊருக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறதே, அதுவும் கிரேன். எண்ணூரில் நிற்பது அதில்லை. பழவேற்காட்டுப் பூநாரையும் அதில்லை, நத்தைகுத்தி நாரையும் அதில்லை.

ஆக அந்தப் பலகையில் இரண்டு தப்பு. எந்திரத்தைப் பறவை ஆக்கியது ஒன்று, பறவையிலும் தப்பான பறவையைப் போட்டது இன்னொன்று. கேள்வி கேட்டவர் சொன்னபடி மொழிபெயர்ப்பது என்று வைத்துக்கொண்டாலும் சாரஸ் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். சாரஸின் கீழ் நிற்க வேண்டாம் என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

கொக்கு என்றதும் எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வருகிறது. சின்ன வயதில் மொட்டை மாடியில் நின்று, சாயங்காலம் வரிசையாகப் பறந்து போகிற கொக்குகளைப் பார்த்து இரண்டு கை நகத்தையும் காட்டி, "கொக்கே கொக்கே பூ போடு" என்று கத்துவோம். மறுநாள் நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கொக்கு போட்ட பூ. தமிழில் கொக்கு பார்க்கிற வேலை இந்த மாதிரி. அதன் தலையில் ஏன் இருபது டன் ஏற்ற வேண்டும்?

பிப்ரவரி 10, இரவு 9.20

இன்னொருவர் கேட்டிருக்கிறார், தமிழர்கள் பொருளுக்கு விலங்கின் பெயரை வைப்பதே இல்லையா என்று. ஏன் இல்லை? நிறைய வைத்திருக்கிறோம், நாமாகப் பார்த்து வைத்தவை.

வீணையில் தந்திகளைத் தாங்குகிற கட்டைக்குக் குதிரை. துப்பாக்கியில் விரலால் இழுக்கிற இடத்துக்கும் குதிரை. ஆமைப்பூட்டு, அதன் உருவத்தைப் பார்த்தாலே போதும், விளக்கம் வேண்டாம். அப்புறம் எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று உண்டு, குருவி. பர்மா பஜாரில் யாரிடம் கேட்டாலும் தெரியும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறந்து போய், பையில் சாமான் கட்டிக்கொண்டு வந்து, கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பவும் பறக்கிற ஆள் குருவி. யாரும் குழு போட்டு உருவாக்கிய சொல் இல்லை. பறக்கிறது, அலகில் கொஞ்சம் தூக்கி வருகிறது, இறக்கிவிட்டு மறுபடி போகிறது. பார்த்த கண்ணிலிருந்து வந்த சொல். தானாக நின்றது.

வெளியிலிருந்து வந்த பொருளோடு பெயரும் வரும்போது நாம் மூன்று விதமாகச் செய்திருக்கிறோம். குதிரைத்திறன் என்று அப்படியே பெயர்த்தோம். புத்தகத்தில் நிற்கிறது, 746 வாட் என்று தேர்வில் எழுதுகிறோம், ஆனால் காசிமேட்டில் விசைப்படகுக்கு எத்தனை எச்பி என்றுதான் கேட்பார்கள். கணினி மவுசை எலி என்று பெயர்க்காமல் அது செய்கிற வேலையைப் பார்த்துச் சுட்டி என்றோம். அது எனக்குப் பிடித்திருக்கிறது. பாரந்தூக்கியும் அதே வழியில் வந்ததுதான், கெட்ட சொல் இல்லை. பளுதூக்கி என்பதுதான் உதவாது, எங்கள் பக்கம் பளுதூக்கி என்றால் ஜிம்முக்குப் போகிற பையன். மூன்றாவது வழி, சொல்லையே வாங்கிக்கொள்வது. கிரேன், லாரி, வின்ச்.

பிப்ரவரி 10, இரவு 9.50

ஹைட்ராவை விட்டுவிட்டேன். யார்டில், தெருவில், மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில், முன்னால் பூம் என்கிற நீண்ட கை வைத்து, தூக்கிய சாமானோடு நகர்ந்து போகிற மஞ்சள் வண்டியை யாரும் கிரேன் என்பதில்லை. "ஹைட்ராவ வரச் சொல்லு" என்பார்கள். அது ஒரு நிறுவனம் தன் வண்டிக்கு வைத்த பெயர், இப்போது எந்த நிறுவனத்தின் வண்டியும் ஹைட்ராதான், மண் தோண்டுகிற வண்டியெல்லாம் பொக்லைன் ஆனது போல. ஹைட்ரா என்றால் கிரேக்கப் புராணத்தில் பல தலை நீர்ப்பாம்பு, உயிரியல் பாடத்தில் குளத்துத் தண்ணீரில் இருக்கிற சின்னப் பிராணி. பறவையை விட்டு வந்தால் இங்கே பாம்பு.

பிப்ரவரி 11, காலை 6.45

வேலைக்குக் கிளம்புவதற்குள் சின்னதாக ஒன்று. ரயில்வேயில் வேலை பார்த்த பெரியப்பா நேற்று போனில் சொன்னது: மரக் கட்டையில் தண்டவாளத்தை இறுக்குகிற ஆணிக்கு டாக் ஸ்பைக். ஆணித் தலையில் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், நாய்த் தலை. கிரேன் வேலையிலும் நாய் உண்டு. சிக்னல் கொடுக்கிறவர் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தால், எல்லா அசைவையும் பூட்டி நிறுத்து என்று பொருள், அமெரிக்க முறையில் அந்த சிக்னலுக்குப் பெயரே எல்லாவற்றையும் நாய் போடு என்கிற மாதிரி இருக்கும். பல் கவ்வுகிற பூட்டுக்கு அங்கே நாய் என்று பெயர். வந்த கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்தக் கரையை விட்டுத் தள்ளி நீரில் நிறுத்திய தூண்களுக்கு டால்ஃபின்.

இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற ஃபிஷ் பிளேட்டையும் பெரியப்பா மீன் கணக்கில் சேர்த்தார். அது சேராது. பாய்மரம் உடைந்தால் மேலே வைத்துக் கட்டுகிற கட்டைக்குக் கப்பல்காரர்கள் வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது அது, பொருத்துவது என்ற பிரெஞ்சுச் சொல்லோடு உறவு. நீந்துகிற மீனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காதுக்கு ஒன்றாகக் கேட்பதை நம்பக் கூடாது என்று நான் 5ஆம் தேதி எழுதியதற்கு இது நல்ல சான்று. பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 13, இரவு 10.30

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரஷ்ய மொழியில் கிரேன் பறவையின் பெயரைத்தான் கிணற்று ஏற்றத்துக்கும் வைத்திருக்கிறார்கள். ஹங்கேரியில் அதே மாதிரிக் கிணற்றுக்கு ஹெரான் கிணறு என்று பொருள் வருகிற பெயர். அவர்கள் சமவெளியில் மாட்டுக்குத் தண்ணீர் இறைக்கிற அந்த நெட்டை மரமும் நம் ஏற்றமும் ஒன்றேதான்: நிற்கிற கால், மேலே ஏறி இறங்குகிற துலா, ஒரு முனையில் சால்.

ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, பொன்னேரிப் பக்கம். அவர் அப்பா ஏற்றம் மிதித்தவர். துலாமரத்தின் மேலேயே நடந்து போவாராம், முன்னால் நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னால் நடந்தால் தண்ணீரோடு ஏறும். கீழே ஆயா நின்று சாலைச் சாய்த்து வாய்க்காலில் விடுவார். எண்ணிக்கை தப்பாமல் இருக்கப் பாட்டு. "மேல நடக்குறவரு கால் வழுக்கினா கெணத்துலதான்" என்று ஆயா சொன்னது நினைவிருக்கிறது.

அதைத்தான் நினைத்துக்கொண்டேன். பாரம் தூக்குகிற நீண்ட கைக்குத் தமிழன் பெயர் வைக்காமல் இல்லை. ரஷ்யாக்காரன் அதில் பறவையைப் பார்த்தான், நாம் ஏறுவதைப் பார்த்தோம். ஏற்றம். உருவத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்து வைத்த பெயர். துறைமுகத்து எந்திரம் வந்தபோது அந்தச் சொல்லை அதற்கு நீட்டியிருக்கலாம், யாரும் நீட்டவில்லை, அதற்குள் கிரேன் வாய்க்கு வந்துவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை.

டச்சு மொழியில் கிரான் என்றால் பொறி மட்டும் இல்லை, தண்ணீர்க் குழாயும் அதுதான். அந்தச் சொல் இந்தோனேசியாவுக்குப் போய் கெரான் ஆகி, அங்கே இன்றும் குழாயைத் திறக்கச் சொல்கிறவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதே டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுடைய கல்லறைகள் இப்போதும் அங்கே இருக்கின்றன. ஆனாலும் நம் பக்கம் குழாய் குழாயாகவே இருந்துவிட்டது.

பிப்ரவரி 13, இரவு 11.05

பெடிகிரியும் இந்தப் பறவைதான். நாய்க்குட்டி வாங்கும்போது பெடிகிரி இருக்கிறதா என்று கேட்கிறோமே, அது பழைய பிரெஞ்சில் கிரேனின் கால். வம்சப் பட்டியலில் ஒரு பெயரிலிருந்து கிளை பிரிகிற மூன்று கோடு பறவையின் கால்தடம் மாதிரி இருந்ததாம். தமிழில் வம்சத்துக்குக் கால்வழி என்று ஒரு சொல் இருக்கிறது! அவர்களுக்கும் கால், நமக்கும் கால். இது தற்செயல், வேர் ஒன்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆனால் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கிரான்பெர்ரியிலும் அதே பறவைதான், பூவின் நடுப்பகுதி அலகு மாதிரி இருப்பதால். ஜெரேனியத்திலும் கிரேக்கக் கெரனோஸ் இருக்கிறது, விதைக் காய் நீண்ட மூக்காக இருக்கும்.

பிப்ரவரி 14, மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். பலகையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது, பழையது இன்னும் தொங்குகிறது. இன்று மூத்த கலாசி ஒருவர், முப்பது வருஷம் ரோப்பும் ஷாக்கிளும் பிடித்த கை, பலகையை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு எழுத்து விட்டுட்டாங்க மேடம். 'யி' போடணும். கொக்கியின் கீழ் நிற்க வேண்டாம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். பத்து நாளாக ரஷ்யாவுக்கும் ஹங்கேரிக்கும் போய் வந்தேன், அவர் ஒரு எழுத்தில் முடித்துவிட்டார். அவர் கண்ணில் கொக்கு என்ற பறவை படவே இல்லை. கிரேன் வேலைக்காரர் என்பதால் கொக்கி என்றுதான் படித்திருக்கிறார், எழுத்துப் பிழை என்று நினைத்திருக்கிறார். அந்த ஒரு எழுத்தைப் போட்டால் வாசகம் நிஜமாகவே பொருள் தருகிறது.

பெயின்ட் டப்பா எடுத்து வரச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

பிப்ரவரி 14, இரவு 10.00

யோசித்துப் பார்த்ததில் அதுவும் போதாது. கொக்கிக்கு நேர் கீழே மட்டும்தான் ஆபத்து என்று படிக்கிறவன் நினைத்துக்கொள்வான். நாற்பதடிப் பெட்டி தொங்கினால் அதன் ஓரம் கொக்கியிலிருந்து இருபதடி தள்ளி இருக்கும், காற்றில் திரும்பினால் அந்த ஓரம் பெரிய வட்டம் போடும். போன மழைக்காலத்தில் ஒரு பையன் கொக்கிக்குக் கீழே நிற்கவில்லை, நன்றாகத் தள்ளித்தான் நின்றான். பெட்டியின் மூலை அவன் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுப் போயிற்று. ஹெல்மெட் கீழே உருண்டது, அவன் பிழைத்தான். அந்த ஹெல்மெட்டில் விழுந்த கோடு இப்போதும் எங்கள் அறையில் அலமாரியில் இருக்கிறது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

ஆகவே கொக்கும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். கிரேனே வேண்டாம் என்று படுகிறது. கிரேனுக்குக் கீழே நிற்பது ஆபத்து இல்லை, டயரில் ஓடுகிற, காலை விரித்து நிற்கிற ஆர்டிஜி கிரேனின் கால்களுக்கு நடுவில்தான் லாரியே நிற்கிறது. தூக்கிய லோடுதான் ஆபத்து. உலகம் முழுக்க நல்ல பலகைகளில் தொங்கும் சுமை என்றுதான் எழுதியிருக்கும். எங்களுக்கு வந்த ஆங்கில மூலமே சோம்பேறித்தனமாக எழுதியது, அதை எந்திரத்தில் போட்டதும் கொக்காகப் பறந்துவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

நைனாவிடம் கலாசி சொன்னதைச் சொன்னேன். "யாரு, கொக்கின்னு படிச்சவரா? நல்ல ஆளு" என்றார். அவ்வளவுதான் பேசினார், கழுத்து வலி அதிகம் இன்று.

பிப்ரவரி 17, மாலை 6.20

பலகை மாறிவிட்டது. வெளியே கொடுக்காமல், இங்கேயே கண்டெய்னர் எண் எழுதுகிற பெயின்டரை வைத்து எழுதினோம். முதல் வரி தமிழ்: "தூக்கிய லோடுக்குக் கீழேயும் பக்கத்திலும் நிற்காதீர்கள், நடக்காதீர்கள்." இரண்டாவது வரி அதே சேதி இந்தியில், யார்டில் பாதிப் பேர் பீகார், ஒடிசா. அதற்குக் கீழே எழுத்தே படிக்க வராதவர்களுக்காகக் கொக்கியில் தொங்கும் ஒரு பெட்டி, அடியில் ஒரு ஆள், குறுக்கே சிவப்புக் கோடு. சுமை என்று எழுதலாமா என்று கேட்டார் பெயின்டர். லோடு என்றே எழுதச் சொன்னேன், இங்கே எல்லார் வாயிலும் அதுதான்.

முதலில் கேள்வி கேட்டவருக்கு: கிரேன் என்ற சொல்லுக்காக இத்தனை நாள் வாதாடினேன், கடைசியில் பலகையில் அந்தச் சொல்லே இல்லை. ஆனால் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பலகை உண்டு, "கிரேன் ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது". அதில் இருக்கிறது.

நாளைக்கு, கண்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டேக்கர் வண்டி ஓடுகிற பாதைக்குப் பலகை எழுத வேண்டும். பெயின்டர் அதற்கும் தமிழ் கேட்கிறார். ரீச் ஸ்டேக்கர் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.